தேடத் தேடப் பெருகும் அச்சம்



இல்லத் தலைவர் கடல் கடந்து பொருளீட்டச் சென்றிருக்கிறார். நள்ளிரவில் இல்லத்தரசிக்குத் தலை வலிக்கிறது. கைப்பேசியை எடுத்து, 'தலைவலி எதனால்?' என்று தேடத் தொடங்குகிறார். கால் மணி நேரத்தில் 'மூளைக் கட்டி' என்னும் சொல்லில் வந்து நிற்கிறார். அதன்பின் உறக்கம் ஏது? காயல்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் இத்தகைய இரவுகள் இன்று புதியன அல்ல.

மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆய்வாளர்களான ரைன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008-இல் இதனை ஆராய்ந்தனர். காப்பியை நிறுத்துவதால் தலைவலி வருவது சாதாரணம். மூளைக் கட்டியோ மிக அரிது. எனினும் இணையத் தேடலில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே இடம்பெற்றிருந்தன!

காரணம் நம் கடலோரத்தார்க்கு எளிதில் விளங்கும். 1961-இல் தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது. ஆயிரமாயிரம் சிப்பிகளைத் திறந்தாலும் ஒரு சிலவற்றிலேயே நல்முத்து இருக்கும். கடையில் முத்தை மட்டுமே கண்டவரோ சிப்பிதோறும் முத்து உண்டென எண்ணுவார். இணையமும் அத்தகைய கடையே. உறங்கி எழுந்ததும் நீங்கிய தலைவலியைப் பற்றி எவர் எழுதுவார்?

ஒளு முறிந்ததோ என்று ஐயுற்று மீண்டும் மீண்டும் கழுவுவோரை நாம் அறிவோம். கழுவக் கழுவ வஸ்வாஸ் தீருவதில்லை, வளர்கிறது. நோய் பற்றிய அச்சமும் அவ்வாறே. ஒவ்வொரு தேடலும் ஒரு கணம் ஆறுதல் தருகிறது. மறுகணமே புதிய ஐயத்தை ஈன்றுவிடுகிறது. ஆதலால்தான் மனநல மருத்துவர்கள், திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கும் வழக்கத்தைக் குறைக்கப் பழக்குகின்றனர்.

இதனால் நோயைப் புறக்கணிக்கலாகாது. திடீரென எழும் கடுந்தலைவலி, நெஞ்சுவலி, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் கைப்பேசியில் தேடிக்கொண்டிராதீர். உடனே 108-ஐ அழையுங்கள். ஏனையவற்றை, என்று தொடங்கியது, எப்போது மிகுகிறது என்று ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் ஆராய்ந்து தெளிவுபடுத்திய பின் அதையே மீண்டும் இணையத்தில் தேடாதீர்.

அவ்வாறு கேட்டறிந்த பின்னும் வாரக் கணக்கில் அச்சம் அகலவில்லையா? 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டிலுள்ளோர்க்கும் ஒரு சொல்: அஞ்சுபவரை, "எல்லாம் உன் கற்பனை" என்று நகைக்காதீர். நகைப்புக்கு அஞ்சித்தான் அவர் நள்ளிரவில் தனியே தேடுகிறார். அருகமர்ந்து கேளுங்கள், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். அச்சமும் மருந்து தேட வேண்டியதொரு நோயே.