சாமி கும்பிட வந்தவரை வாசலில் நிறுத்தியது யார்?



"கோவிட் முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்பீர்கள். அடுத்த தொற்று வந்து நிற்கும்போது பேச நேரம் இருக்காது. அதனால்தான் இப்பவே பேசுறோம்.

2020 மார்ச் 16 இரவு, பிரதமர் டான்ஸ்ரீ முஹிடின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18-ஆம் தேதி அது தொடங்கியது. இடையில் 17-ஆம் தேதி நடந்தது ஞாபகம் இருக்கா? மாநிலம் விட்டு மாநிலம் போக போலீஸ் அனுமதி வேண்டும் என்றார்கள். கூட்டம் கூடாதே என்று சொன்ன நேரத்திலேயே போலீஸ் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. அன்று இரவே அந்த நிபந்தனையை நிறுத்தினார்கள். ஜனங்க கட்டுப்பாடு இல்லாதவங்க என்று பழி சொன்னார்கள். கூட்டத்தைக் கூட்டியது அறிவிப்புதானே?

அப்புறம் பெயர்கள். நிபந்தனையோடு ஓர் ஆணை, மீட்சிக்கு ஓர் ஆணை. மலாய்ச் சுருக்கத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிகேபிபி'! எது தளர்வு, எது இறுக்கம் என்று நம்ம தாத்தா பாட்டிக்கு எப்படிப் புரியும்?

ஆலயத்தை மறுபடி திறந்தபோது எங்களுக்கு வந்த எஸ்ஓபி மலாயில் பல பக்கம். அதுவும் ராத்திரி, வாட்ஸ்ஆப்பில். தொண்டர்கள் நாங்களே உட்கார்ந்து மொழிபெயர்த்தோம். இடைவெளி, முகக்கவசம் எல்லாம் புரிந்தது. விபூதியைக் கையில் கொடுக்கலாமா, தட்டில் வைக்கலாமா? அர்ச்சனைத் தட்டை யார் தொடுவது? பதில் இல்லை. ஆளுக்கொரு விளக்கம் சொன்னோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, பால் சொம்போடு ஒரு பாட்டி வந்தார். வயதானவர்களுக்கு அப்போது அனுமதி இல்லை. "ஏன்யா, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். எங்களிடம் விதி இருந்தது, காரணம் இல்லை. வயதானவர்களின் உயிருக்குத்தான் இந்த நோயால் ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே அவருக்குப் புரிகிற மொழியில் யாராவது சொல்லியிருந்தால், வீட்டு விளக்கு முன்னாடியே கும்பிட்டிருப்பார். அந்தச் சொம்பைத் திருப்பி அனுப்பிய பாவம் இன்னும் எங்களை உறுத்துது.

எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டோம். சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் நாள் தவறாமல் வந்து, நிதானமாக எண்ணிக்கையைச் சொன்னார். மக்கள் நம்பினார்கள். மின்னல் எஃப்எம் தமிழில் செய்தி சொன்னது. ஆக, மனசு வைத்தால் முடியும்.

நம்ம தப்பும் இருக்கு. வேப்பிலையும் மஞ்சளும் கோவிட்டை விரட்டும் என்று வந்ததை எல்லாம் நம்ம குழுக்களிலேயே அனுப்பினோம். சரியான தகவல் வராத இடத்தில் வதந்தி வந்து குடியேறும். அதற்கு வாசலைத் திறந்துவிட்டது நாமும்தான்.

"எல்லாருக்கும் மலாய் தெரியும்தானே?" என்பார்கள். தேசிய மொழியை மதிக்கிறோம், நம்ம பிள்ளைகள் நன்றாகப் பேசுறாங்க. ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்களின் உயிர் மட்டும் மலிவா?

நாங்கள் கேட்பது சலுகை இல்லை. மலாயில் அறிவிப்பு வரும் அதே நேரத்தில் தமிழிலும் வரட்டும். விதியோடு காரணத்தையும் சொல்லட்டும். மாற்றினால், பழையது ரத்து என்று தெளிவாகச் சொல்லட்டும். வழிபாட்டு விதிகளை எழுதும் முன் ஆலயங்களைக் கேட்கட்டும்.

உங்கள் ஆலய நிர்வாகத்திடம் இதைப் பேசுங்கள், தொகுதி மக்கள் பிரதிநிதிக்கு எழுதச் சொல்லுங்கள். இன்னொரு பாட்டியை வாசலில் நிறுத்தும் நிலை எங்களுக்கு வர வேண்டாம்.

அம்பாள் துணை.