விதை மஞ்சள் வீட்டுல இருக்கோணும்



வெள்ளாமையைப் பத்தி எழுதற ஆளு இன்னைக்கு மின்னஞ்சலைப் பத்தி எழுதறானேன்னு நினைக்காதீங்க. எங்க சென்னிமலைப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது கோயமுத்தூர், சென்னை, பெங்களூருன்னு கம்பெனி வேலையில இருக்காங்க. வேலையை விட்டுட்டு ஊருக்கு வர்ற பசங்க கம்பெனி மெயில் போனதும் பேசிக்கறது ஒண்ணைத்தான். இனி ஜிமெயிலா, ஜோஹோவா? எனக்குக் கேட்டா அது ரெண்டாவது கேள்விங்க. முதல் கேள்வி, வந்த கடுதாசியெல்லாம் யாரு வீட்டுல இருக்குதுங்கறது.

எங்க அக்கா பையன் கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில ஒம்பது வருசம் இருந்தான். கடைசி நாள் சாயங்காலமே அவனோட மெயிலை நிறுத்திட்டாங்க. அது கம்பெனியோட சொத்து, நிறுத்தறது அவங்க உரிமை. அதுல எனக்குச் சண்டை இல்லை. ஆனா இன்சூரன்சுக்கு அவன் குடுத்திருந்ததும் அதே முகவரி. தவணை கட்டச் சொல்லி வந்த கடுதாசியெல்லாம் அங்கயே போச்சு. பாலிசி காலாவதி ஆன பிறகுதான் தெரிஞ்சுது. வீட்டுக் கடனுக்கு பேங்குல சம்பளச் சீட்டு கேட்டாங்க. அதுவும் அந்த மெயிலுக்குள்ளதான் கிடந்துச்சு. ஒரு சீட்டுக்காக ரெண்டு மாசம் அலைஞ்சான்.

அரசாங்கத்துல இதை யோசிச்சிருக்காங்க. மத்திய அரசு 2014ல வகுத்த மின்னஞ்சல் கொள்கையில, 20 வருசம் வேலை பார்த்துட்டு ஓய்வு பெறுறவங்க பழைய முகவரியை ஒரு வருசம் வெச்சுக்கலாம், அதுக்கப்புறம் ஆயுசுக்கும் பென்ஷன்ங்கற பேருல ஒரு முகவரி தரணும்னு எழுதி வெச்சாங்க. தனியார் கம்பெனியில அப்படி எதிர்பார்க்க முடியாது. நம்ம ஏற்பாட்டை நாமதான் பண்ணிக்கோணும்.

சரி, எங்க போறது? ஜிமெயில் 2004ல வந்தது, நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேரு அதுலதான் இருக்காங்க. 15 ஜிபி இடம் இலவசம். ஆனா மெயில், டிரைவு, போட்டோ மூணுக்கும் சேர்த்துத்தான் அந்த இடம். பேரன் பேத்தி போட்டோவுல அது நிரம்பிட்டா புது மெயில் வராது. ரெண்டு வருசம் எட்டிப் பார்க்கலைன்னா கணக்கையே அழிக்கலாம்ங்கறதும் அவங்க விதி.

ஜோஹோ நம்ம தமிழ்நாட்டு நிறுவனம். 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில ஆபீசு போட்டு கிராமத்துப் பசங்களுக்கு வேலை குடுத்தாங்க. அதுல எனக்குப் பெருமைதான். 2025ல மத்திய அரசு ஊழியர்கள் 12 லட்சம் பேரோட மெயில் அங்க மாறுச்சுன்னு செய்தி வந்துச்சு. ரெண்டுல எதை எடுத்தாலும் நல்லதுதான்.

ஆனா ரெண்டுமே கிடங்கு. அதை மறக்கக்கூடாது.

எங்க பக்கம் மஞ்சளை வேக வெச்சு, காய வெச்சு, விலை வரட்டும்னு ஈரோட்டுக் கிடங்குல போட்டு வெப்போம். தப்பில்லை. ஆனா விதை மஞ்சளை எந்த விவசாயியும் கிடங்குல போட மாட்டான். தோட்டத்து நிழல்ல குவிச்சு, மஞ்சத் தழையைப் போட்டு மூடி, வைகாசிப் பட்டம் வரைக்கும் கண்ணு முன்னால வெச்சிருப்பான். அது போச்சுன்னா அடுத்த வெள்ளாமையே இல்லை. சம்பளச் சீட்டு, பாலிசி, பத்திர நகல், செத்துப்போன அப்பன் எழுதுன ஒரு மெயில் எல்லாம் விதை மஞ்சள்தாங்க.

அதுக்குத்தான் கம்ப்யூட்டர்ல ஒரு மெயில் புரோகிராம் வேணும்ங்கறேன். நான் பையன் குடுத்த பழைய லேப்டாப்புல தண்டர்பேர்டு வெச்சிருக்கேன். 2004ல இருந்து இருக்குது, காசு இல்லை, ஜனங்க குடுக்கற நன்கொடையில ஓடுது. ஜிமெயில், ஜோஹோன்னு ரெண்டு மூணு முகவரியை ஒரே இடத்துல பார்க்கலாம். தோட்டத்துல நெட்டு வராத நாள்லயும் பழைய கடுதாசியைத் தேடிப் படிக்கலாம்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்குது. இப்ப எல்லாரும் வெக்கறது ஐமேப்ங்கற முறை. அதுல நம்ம கம்ப்யூட்டர்ல தெரியறது கிடங்குல இருக்கறதோட நிழல் மாதிரி. அங்க அழிஞ்சா இங்கயும் அழிஞ்சிரும். அதனால முக்கியமானதை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்'னு இருக்கற இடத்துக்கு நகல் எடுத்துப் போடோணும். அது நம்ம கம்ப்யூட்டருக்கே சொந்தம். கம்ப்யூட்டரும் ஒரு நாள் கெட்டுப்போகும், அதனால வருசத்துக்கு ரெண்டு தரம் தனி ஹார்டு டிஸ்குல இன்னொரு நகல் எடுத்து வெச்சுக்கோணும்.

"எனக்கெதுக்குங்க இவ்வளவு வேலை, போன்ல பார்த்தாப் போதாதா"ன்னு கேப்பீங்க. போன்ல பார்க்கறது பார்க்கறதுக்குச் சரி. பாதுகாக்கறது வேற.

வேலையை விடப் போறவங்களுக்கு இன்னொண்ணு. உங்களோட சம்பளச் சீட்டு, வேலை உத்தரவு, பாரம் 16, பி.எஃப். விவரம் இதையெல்லாம் கேட்டு வாங்கி வெச்சுக்குங்க. கம்பெனியோட ஆர்டர், வாடிக்கையாளர் விவரம் இதுல ஒரு காகிதமும் வேண்டாம். குத்தகை நிலத்தை விட்டு வரும்போது நம்ம ஏரு, மம்பட்டியை எடுத்துட்டு வரலாம், வரப்போரத்துத் தென்னை நிலத்துக்காரனுக்குத்தான்.

டவுன்ல வேலையில இருக்கறவங்க ராஜினாமா வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பேங்கு, வருமான வரி, இன்சூரன்ஸ், பசங்க பள்ளிக்கூடம், இதுல எங்கெங்க கம்பெனி முகவரி குடுத்திருக்கீங்கன்னு இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் உக்காந்து எழுதிப் பாருங்க. ஒவ்வொண்ணா சொந்த முகவரிக்கு மாத்துங்க. சம்பளம் வந்துட்டிருக்கும்போது பண்ணுனா இது ஒரு மணி நேர வேலை. அப்புறம் பண்ணுனா எங்க அக்கா பையன் மாதிரி ரெண்டு மாசம்.