மறதிக்கும் நேரம் ஒதுக்குங்கள்

படிவம் 4, 5இல் கணக்கியல் பாடம் எடுத்திருக்கும் மாணவர்களிடம் எதிர்காலத்தில் என்னவாகப் போகிறீர்கள் என்று கேட்டால், பலரும் ‘அக்கவுண்டன்ட்’ என்று சட்டெனச் சொல்வார்கள். நல்ல ஆசைதான். ஆனால் நம் நாட்டில் அந்தப் பெயரை யாரும் தாமே சூட்டிக்கொள்ள முடியாது. 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டப்படி, எம்ஐஏ எனப்படும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராகப் பதிந்தவரே தம்மைக் கணக்காளர் என்று அழைத்துக்கொள்ளலாம்.

அந்த உறுப்பியத்தை அடையும் வழிகளில் ஒன்று ஏசிசிஏ தேர்வு. தற்போதைய அமைப்பில் அதில் 13 தாள்கள் உள்ளன. முன்பு படித்த படிப்பைப் பொறுத்துச் சில தாள்களுக்கு விலக்கு கிடைக்கலாம். ஒவ்வொரு தாளிலும் தேர்ச்சிக்கு 50 மதிப்பெண் வேண்டும். தொடக்க நிலையைத் தாண்டிவிட்டால், பெரும்பாலான தாள்களை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு முறைதான் எழுதலாம். தவறினால் மீண்டும் கட்டணம், மீண்டும் மூன்று மாதக் காத்திருப்பு. இத்தேர்வை எழுதுவோரில் பலர் பகலில் வேலைக்குப் போய், இரவில் படிப்பவர்கள். அவர்களுக்கு நேரமும் பணமும் ஒருசேரக் கரையும்.

‘50 மதிப்பெண்தானே’ என்று தோன்றலாம். பாடத்தைப் புரிந்துகொள்வது பலருக்கு முடிந்த காரியமே. முதல் வாரத்தில் புரிந்தது பன்னிரண்டாம் வாரத்தில் தேர்வு மண்டபத்தில் நினைவுக்கு வர வேண்டும், அதுதான் கடினம். நாம் வழக்கமாகப் போடும் படிப்பு அட்டவணை இதற்கு உதவுவதில்லை என்பது என் கருத்து. அது அத்தியாயங்களை எண்ணுகிறது, மணி நேரத்தை எண்ணுகிறது. மறதியை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை.

மறதியை முதலில் முறையாக அளந்தவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு, மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று தம்மீதே சோதித்தார். 1885இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரு நாள் கழித்து மிச்சமானது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆறு நாள் கழித்து அது நான்கில் ஒரு பங்கானது. பொருளுள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனாலும் சரிவு தொடக்கத்தில்தான் செங்குத்தாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது வழக்கமான அட்டவணையை எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் தேய்மானம், அதாவது உங்கள் பாடநூலில் ‘சுசுத் நிலாய்’ என்று வருவது. இரண்டாம் வாரம் வராக்கடன். மூன்றாம் வாரம் சரக்கிருப்பு. இப்படியே வரிசையாகப் போய், கடைசி வாரம் ‘எல்லாவற்றையும் மீள்பார்வை’ என்று எழுதியிருக்கும். அந்தக் கடைசி வாரத்தில் தேய்மானத்தைத் திறந்தால் புதுப்பாடம் போலத் தெரியும். பத்து வாரப் பாடத்தை ஒரு வாரத்தில் மறுபடி படிக்க யாராலும் முடியாது.

அறிவியல் இதற்கு வழி சொல்கிறது. நிக்கலஸ் செப்பேடாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 1,350க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஒரு செய்தியைப் படித்து, சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் படித்தால், எந்த இடைவெளி அதிகம் பயன் தருகிறது என்பதே கேள்வி. இரண்டாவது படிப்பிலிருந்து தேர்வுக்கு 7 நாள் இருந்தவர்களுக்கு 1 நாள் இடைவெளி சிறந்ததாக அமைந்தது. 35 நாள் இருந்தவர்களுக்கு 11 நாள், 70 நாள் இருந்தவர்களுக்கு 21 நாள். தேர்வு தள்ளியிருந்தால் இடைவெளியும் நீள வேண்டும். ஆகவே, தேர்வுக்கு 12 வாரம் இருக்கையில் படித்த தேய்மானத்தை இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் தொட வேண்டும். அந்த நாளை முன்கூட்டியே அட்டவணையில் எழுதி வைக்க வேண்டும்.

மீண்டும் தொடுவது என்றால் மஞ்சள் மை பூசிய வரிகளை மறுபடி வாசிப்பதல்ல. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு குழு ஒரே பகுதியை நான்கு சுற்று வாசித்தது. மற்றொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று நினைவிலிருந்தே எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களுக்கு நினைவில் இருந்தது 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. இத்தனைக்கும் தமக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பியவர்கள் வாசித்த குழுவினர்தாம். ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் பற்று, வரவு பதிவுகளைப் போட்டுப் பாருங்கள். தடுமாறும் இடத்தில்தான் உங்கள் பாடம் இருக்கிறது.

மூன்றாவது, கேள்விகளைக் கலக்க வேண்டும். டக் ரோரர், கெல்லி டெய்லர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், திண்ம உருவங்களின் கனஅளவைக் கணக்கிடும் பயிற்சி மாணவர்களுக்குத் தரப்பட்டது. ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். பல வகைகளைக் கலந்து போட்டவர்கள் 60 விழுக்காடுதான் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நிலைமை தலைகீழானது. வரிசையாகப் போட்டவர்களுக்கு 20 விழுக்காடு, கலந்து போட்டவர்களுக்கு 63. தேர்வுத்தாளில் ‘இது எட்டாம் அத்தியாயக் கேள்வி’ என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். இது முன்பணமா, நிலுவைச் செலவா என்று இனங்காண்பதே பாதிக் கணக்கு.

இந்த ஆய்வுகள் கணக்காளர் தேர்வு எழுதுவோரை வைத்து நடந்தவை அல்ல. ஆயினும் நினைவு இயங்கும் விதம் பாடத்துக்குப் பாடம் முற்றிலும் மாறிவிடாது என்பதால், இவற்றை வைத்துத் திட்டமிடுவது நியாயமே.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். வேலைக்குப் போகும் ஒருவருக்கு வாரம் 12 மணி நேரம் கிடைக்கிறது, தேர்வுக்கு 12 வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 144 மணி. முதல் 9 வாரங்களில், வாரத்துக்கு 6 மணி புதுப்பாடம், 3 மணி பழைய பாடத்தை மூடிய புத்தகத்தோடு மீட்டுப் பார்த்தல், 2 மணி கலந்த கேள்விகள், 1 மணி எதுவும் எழுதாத வெற்றுக் கட்டம். கடைசி 3 வாரங்களில் புதுப்பாடம் கிடையாது. கடிகாரம் வைத்து முழுத்தாள் எழுதி, தவறிய பகுதிக்குத் திரும்பிச் செல்லும் காலம் அது.

வெற்றுக் கட்டம் எதற்கு? 1994இல் வெளிவந்த கனடா ஆய்வு ஒன்றில், இறுதியாண்டு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று கணித்தவர்கள் 55 நாளுக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காய்ச்சல், கூடுதல் வேலை, உறவினர் திருமணம் என்று ஏதாவது வரும். அதற்கு இடமில்லாத அட்டவணை இரண்டாம் வாரமே குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

‘இப்படி மெதுவாகப் போனால் பாடமே முடியாதே, கடைசி நேரத்தில் படித்தும் பலர் தேர்ச்சி பெறுகிறார்களே’ என்று கேட்பீர்கள். உண்மைதான். நாளைய சோதனைக்கு இன்றிரவு படிப்பது பலன் தரும். பள்ளியின் சிறு சோதனைகள் அந்தப் பழக்கத்துக்குப் பரிசும் கொடுத்துவிடுகின்றன, சிக்கலும் அங்கேதான். தொழில்முறைத் தேர்வில் ஒரு தாளின் மேல் அடுத்த தாள் நிற்கிறது. தொடக்க நிலையின் நிதிக் கணக்கியலை மறந்தவர் அடுத்த நிலையில் நிதி அறிக்கைத் தாளில் திணறுவார். அதற்கும் மேலே உத்திசார் வணிக அறிக்கைத் தாள் காத்திருக்கிறது. தேர்ச்சி பெற்றதுமே மறந்துபோன பாடம் வட்டியோடு திரும்பி வரும் கடன்.

ஆகவே அட்டவணை போடும் திறனை இடைநிலைப்பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும். ‘நேரத்தை வீணாக்காதே’ என்ற அறிவுரை போதாது. போன மாதப் பாடத்திலிருந்து இரண்டு கேள்விகளை இந்த மாதச் சோதனையில் ஆசிரியர்கள் சேர்க்கலாம். மாணவர்களின் அட்டவணையை வாங்கிப் பார்த்து, இதில் மீட்டுப் பார்க்கும் நாள் எங்கே என்று கேட்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை.

மாணவர்களே, எஸ்பிஎம் தேர்வையே உங்கள் சோதனைக்கூடமாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் படித்த ஒரு பாடத்தின் பெயரை நாட்காட்டியில் இரண்டு வாரம் தள்ளி எழுதுங்கள். அந்த நாளில் புத்தகத்தைத் திறக்காமல் பத்து நிமிடம் எழுதிப் பாருங்கள். எவ்வளவு மறந்திருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த அட்டவணையை எப்படிப் போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.