பாலைவனப் பக்கங்கள் - 9: தெர்மோஸ்டாட் தாதா

மக்களே, செமஸ்டர் முடிஞ்சு, ரிப்போர்ட் எல்லாம் குடுத்துட்டு இப்பத்தான் மூச்சு விட நேரம் கிடைச்சுது. போன பகுதியில் சின்ன வெங்காயம் தேடி ஊரெல்லாம் அலைஞ்ச கதையைச் சொன்னேன். இதுவும் சிரிப்புக் கதையாத்தான் ஆரம்பிக்கும். ஆனா அப்படியே முடியாது, முன்னாடியே சொல்லிடறேன்.

எங்க ஊர் டெம்பி. அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டிக்கிட்டு இருக்கற ஊர். சுத்தியும் சோனோரன் பாலைவனம். நான் வேலூர்க்காரன். விசா கிடைச்சதும் ஒரு சீனியர் ஃபோன்ல "தம்பி, இங்க வெயில் ஜாஸ்தி, பார்த்துக்கோ"ன்னு சொன்னார். நான் விட்ட பதில்: "அண்ணா, நாங்க வேலூர் வெயிலையே பார்த்தவங்க." இந்த ஒரு டயலாக்குக்கு அப்புறமா வாங்கின பல்பு ரெண்டு டஜன் இருக்கும்.

நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரம்னா மூணு நாலு வாரம். காஞ்சிட்டுப் போயிடும். இங்க 2023-ல தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்குக் கீழ இறங்கவே இல்லை (நம்ம கணக்குல 43-க்கு மேல). 2024-ல 113 நாள் தொடர்ச்சியா 100-ஐத் தொட்டுருக்கு. அதைவிடக் கொடுமை ராத்திரி. 2023 ஜூலையில் வரிசையா 16 ராத்திரி 90 டிகிரிக்குக் கீழ போகலை. மொட்டை மாடியில் தண்ணி தெளிச்சுப் பாய் விரிச்சுப் படுக்கறது, சாயந்திரம் ஜன்னலைத் திறந்து காத்தை உள்ள விடறது, இந்த மாதிரி நம்ம வித்தை எதுவும் அந்த மாதிரி ராத்திரியில செல்லாது. ஜன்னலைத் திறந்தா அடுப்பைத் திறந்த மாதிரிதான்.

இந்த ஊர்ல போய் சுற்றுச்சூழலைக் காப்பாத்தறேன்னு கிளம்பினேன். 2025 கோடை. முதல் கோடை வேற.

காரணம் இல்லாம இல்லை. அந்த செமஸ்டர்ல எனர்ஜி சிஸ்டம்ஸ் கோர்ஸ் ஒண்ணு எடுத்திருந்தேன். கோடையில் இந்த ஊர் மின்சாரத்தை ஏசிதான் உறிஞ்சுது. அதோட வெளி யூனிட் சூட்டைத் தெருவுல கக்குது, தெரு இன்னும் சூடாகுது, எல்லாரும் இன்னும் ஏசி போடறாங்க. இதைப் படிச்சுட்டு வீட்டுக்கு வந்தா மூணு ரூம்மேட்டும் 72-ல ஏசி போட்டுட்டுக் கம்பளி போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கான். வயிறு எரியுமா எரியாதா?

முதல்ல துணியில கைவெச்சேன். அப்பார்ட்மெண்ட்ல ட்ரையர் இருக்கு. ஒரு தடவை போட்டா ரெண்டு மூணு யூனிட் மின்சாரம் போயிடும், வீட்டுக்குள்ள சூடும் ஏறும். வெளிய 43 டிகிரி, காத்துல துளி ஈரம் கிடையாது, ஜீன்ஸ் பேண்ட்டே அரை மணி நேரத்துல அப்பளம் மாதிரி காஞ்சிடும். இந்த ஊர்ல மின்சாரத்துல சூடு பண்ணித் துணி காயவெக்கறாங்கன்னா அதை என்னன்னு சொல்ல? பால்கனியில கயிறு கட்டினேன். மூணாம் நாள் கதவுல கடுதாசி. பால்கனியில துணி தெரியக்கூடாதாம், குத்தகை ஒப்பந்தத்துல இருக்காம், அடுத்த தடவை அபராதமாம். துணி காயப்போடறதைத் தடுக்கக் கூடாதுன்னு ஃப்ளோரிடா, வெர்மாண்ட் மாதிரி சில மாநிலங்கள்ல சட்டமே இருக்கு. அதுவும் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் உதவும், நம்மளை மாதிரி வாடகைக் கோஷ்டிக்கு இல்லை. சரின்னு இருபது டாலர் ஸ்டாண்டு ஒண்ணு வாங்கி ஹால்லயே ஃபேனுக்குக் கீழ வெச்சேன். மூணு மணி நேரத்துல காஞ்சுது. ஈரம் ஆவியாகும்போது பக்கத்துல லேசா ஜில்லுன்னும் இருந்துச்சு. வேலூர்ல தாத்தா வீட்டு வாசல்ல தொங்கின வெட்டிவேர் தட்டி ஞாபகம் வந்துடுச்சு. இங்க ஏசி வர்றதுக்கு முன்னாடி, 1930-கள்ல இதே தத்துவத்துலதான் கூலர் செஞ்சு வீட்டுக்கு வீடு மாட்டியிருக்காங்க. அதுக்கும் முன்னாடி ஈரப் போர்வையைத் தொங்கவிட்டுத் திண்ணையில தூங்கியிருக்காங்க.

இது வெற்றி. அடுத்து பாட்டில் தண்ணி. நாப்பது பாட்டில் கட்டுக்கட்டா வாங்கறதை நிறுத்தி, தண்ணிக் கடையில கேன் நிரப்பற வழக்கத்துக்குக் கொண்டுவந்தேன். இதுல யாருக்கும் வருத்தம் இல்லை, காசும் மிச்சம். பேப்பர் டவல் விஷயத்துல தோத்துட்டேன், அதை விடுங்க.

ரெண்டு ஜெயிச்ச தெம்புல தெர்மோஸ்டாட் பக்கம் போனேன்.

வீட்டுல நாலு பேர். மதுரை அண்ணன், எங்க எல்லாருக்கும் சீனியர். குண்டூர்க்காரன் ஒருத்தன். நான். அப்புறம் ஜனவரியில புதுசா வந்த கோயமுத்தூர் தம்பி. அண்ணன் இண்டர்ன்ஷிப்புக்கு வேற ஊர் போற வாரம், குண்டூர்க்காரன் லேப்லயே குடியிருப்பு. அதனால அந்த ஜூன்ல வீட்டுக்கு நான்தான் தாதா. 86-ல வெச்சேன். நம்ம கணக்குல சரியா 30 டிகிரி. "ஊர்ல முப்பதுன்னா ஸ்வெட்டர் போடுவோம்டா"ன்னு ஒரு பீட்டர் வேற. பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டினேன்: "கை வைக்காதீர். பூமி பார்த்துக்கொண்டிருக்கிறது." (சிரிக்காதீங்க. இப்ப நினைச்சா எனக்கே கூசுது.)

தம்பிக்கு சம்மர்ல கேம்பஸ் சாப்பாட்டுக் கூடத்துல வேலை. மத்தியானம் ரெண்டு மணிக்கு முடிச்சுட்டு சைக்கிள்ல வருவான். பதினைஞ்சு நிமிஷ தூரம்தான். வந்து ரூம்ல படுத்துடுவான். ஒரு வாரமா ஆள் சரியாப் பேசலை, சாப்பிடலை. வீட்டு ஞாபகம் போலன்னு நினைச்சேன்.

ஒரு நாள் சாயந்திரம் ஆறு மணி இருக்கும். நான் லைப்ரரியில இருந்து வந்தேன். பாத்ரூம்ல வாந்தி எடுக்கற சத்தம். கதவைத் தட்டினா "ஒண்ணுமில்லீங்ணா"ங்கறான். வெளிய வந்தவன் நிக்க முடியாம சுவத்தைப் பிடிச்சுட்டு உக்காந்துட்டான். மூஞ்சி வெளுத்து, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு வேர்வை, காலைப் பிடிச்சு இழுக்குதுன்னு அழறான். நல்லவேளை அண்ணன் அன்னைக்குத்தான் ஊர்ல இருந்து வந்திருந்தார். ஒரு வார்த்தை பேசலை. பிள்ளையைத் தூக்கிக் கார்ல போட்டு ஏசியை முழுசாத் திருப்பிவிட்டு, ஈரத்துண்டைக் கழுத்துல சுத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வெப்பத்தால வந்த அயர்ச்சி, உடம்புல தண்ணி சத்து இல்லைன்னாங்க. டிரிப்ஸ் ஏத்தினாங்க. பேச்சு குழறாம இருந்ததும் நினைவு தப்பாததும் நல்லதாப் போச்சு, அதெல்லாம் வந்திருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்னு நர்ஸ் ஒருத்தர் சொன்னார்.

ராத்திரி திரும்பி வந்ததும் அண்ணன் தம்பியோட ரூமுக்குப் போனார். சமையலுக்கு வாங்கின தெர்மாமீட்டரை எடுத்துட்டுப் போய் வெச்சார். மணி பத்து. 92 காட்டுச்சு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. தெர்மோஸ்டாட் ஹால்ல இருக்கு. அது ஹால் சூட்டைத்தான் பார்க்கும். தம்பி ரூம் மேற்குப் பக்கம், பெரிய கண்ணாடி ஜன்னல், மத்தியானத்துல இருந்து அஸ்தமனம் வரைக்கும் வெயில் நேரா உள்ள விழும். கதவை வேற சாத்தியே வெச்சிருப்பான். ஹால்ல 86-ன்னா அங்க அதுக்கு மேல ஆறு டிகிரி. என் ரூம்? வடக்குப் பக்கம். ஹாலைவிட ஜில்லுன்னு இருக்கும். பூமியைக் காப்பாத்த நான் செஞ்ச தியாகத்துல என் பங்கு ஒண்ணுமே இல்லை.

"ஏன்டா ரெண்டு டிகிரி குறைச்சுக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன்.

"நீங்க சீட்டு ஒட்டியிருந்தீங்களேங்ணா."

அவ்வளவுதான் சொன்னான். அவன் கோவிச்சுட்டுத் திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவங்கம்மா ஃபோன் பண்ணினாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தான். "அங்க எல்லா வூட்லயும் ஏசி இருக்குமாமே கண்ணு, அப்புறம் எப்படி வெயில் அடிச்சுது?" தம்பி, "சைக்கிள்ல போனதுலங்மா"ன்னுட்டான். நான் கிச்சன்ல பாத்திரம் கழுவிட்டிருந்தேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

அந்த மாச பில்லுல மிச்சம் 38 டாலர். ஆஸ்பத்திரிக்கு இன்ஷூரன்ஸ் போக நாங்க கட்டினது 75. கணக்கு முடிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா உக்காந்து படிச்சேன். இந்த மாரிகோபா கவுண்டியில மட்டும் வெப்பத்தால 2023-ல 645 பேர் செத்திருக்காங்க, 2024-ல 608 பேர். தெருவுல வசிக்கறவங்க நிறைய. ஆனா வீட்டுக்குள்ளயே செத்தவங்களும் இருக்காங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க வீட்டுல ஏசி இருந்திருக்கு. ரிப்பேராகிக் கிடந்திருக்கு, சில வீட்டுல நிறுத்தி வெச்சிருந்திருக்காங்க. 2018 செப்டம்பர்ல ஃபீனிக்ஸ் பக்கத்துல 72 வயசு அம்மா ஒருத்தர், 51 டாலர் பில் பாக்கிக்காக கரண்டை வெட்டினதால வீட்டுக்குள்ளயே வெப்பத்துல இறந்து போனாங்க. அதுக்கு அடுத்த வருஷம்தான் கோடையில கரண்டை வெட்டக் கூடாதுன்னு இங்க உத்தரவு வந்துச்சு. 51 டாலர். என்னோட 38-ஐ எடுத்து அது பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

சரி, அப்போ 72-ல வெச்சுட்டுக் கம்பளி போத்திக்கறதுதான் வழியான்னா, அதுவும் இல்லை. எவ்வளவு ஏசி போடறோம்கறதை மட்டுமே நான் பார்த்துட்டு இருந்தேன். எப்ப போடறோம்கறதைப் பார்க்கவே இல்லை. இங்க மத்தியானம் சூரிய மின்சாரம் கொட்டுது. சாயந்திரம் சூரியன் இறங்க இறங்க அது படுத்துடும். அதே நேரம்தான் எல்லாரும் ஆபீஸ் விட்டு வந்து ஏசியைத் திருகறாங்க. அந்த இடைவெளியைப் பெரும்பாலும் எரிவாயு நிலையங்கள்தான் நிரப்புது. (ஊருக்கு மேற்கால பாலோ வெர்டேன்னு ஒரு அணுமின் நிலையம் இருக்கு. பாலைவனத்துல கடலுக்கும் ஆத்துக்கும் எங்க போறது? ஊர் சாக்கடைத் தண்ணியைச் சுத்திகரிச்சுத்தான் குளிர்விக்கறாங்க. கல்பாக்கமும் கூடங்குளமும் கடலோரமா இருக்கறதைப் பார்த்தே பழகினவனுக்கு இது ஆச்சரியம். தனிப் பதிவே போடலாம்.)

அதனால இப்ப எங்க வீட்டுல மத்தியானம் மூணு மணி வரைக்கும் 75-ல ஓட விடறோம். சுவர், கட்டில், சோபா எல்லாம் நல்லா குளிர்ந்துக்கும். நாலுல இருந்து ஏழு வரைக்கும் 79-க்கு ஏத்திடறோம். மரச்சட்டத்துல அட்டைச் சுவர் அடிச்ச வீடுதான், நம்ம ஊர் செங்கல் சுவர் மாதிரி தாங்காது. ஆனா ரெண்டு மணி நேரம் சமாளிக்கும். எங்க கட்டணத் திட்டத்துல சாயந்திர நேரத்துக்குத்தான் விலை அதிகம், அதனால பில்லும் பெருசா ஏறலை. அடுப்பு வேலை காலையில ஏழு மணிக்குள்ள. சாம்பார், பொரியல் எல்லாம் அப்பவே ஆயிடும். சாயந்திரம் தயிர் சாதம், ஊறுகாய். குண்டூர்க்காரன் ஊறுகாய் இருந்தா ஒரு மாசம் வேற எதுவும் கேக்க மாட்டான். துணியை 'குளிர்' தண்ணியிலதான் துவைக்கறோம். கோடையில இங்க பச்சைத் தண்ணிக் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வரும்கறது வேற விஷயம் :-)

மேற்கு ஜன்னலுக்கு வெளியில தட்டி மாதிரி வலைத்திரை மாட்டணும்னு ஆபீஸ்ல கேட்டோம். வெயிலைக் கண்ணாடியைத் தொடறதுக்கு முன்னாடியே மறிக்கணும், உள்ள திரைச்சீலை போட்டா பாதிச் சூடு ஏற்கெனவே வந்துடும். இந்த ஊர் வீடுகள்ல சகஜமா இருக்கற சமாச்சாரம்தான். மூணு மெயில், ஒரு நேர்ல சண்டை, ஆகஸ்ட்ல மாட்டிவிட்டாங்க.

அதுக்கு முன்னாடியே ரூமை மாத்திக்கிட்டோம். தம்பி வடக்கு ரூம், நான் மேற்கு ரூம். அவன் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னான். அண்ணன் ஒரு பார்வை பார்த்தார், ரெண்டு பேரும் பெட்டியைத் தூக்கிட்டோம்.

தெர்மோஸ்டாட் இப்ப தம்பி பொறுப்பு. பூமி பார்த்துக்கொண்டிருக்கும் சீட்டை அவன்தான் கிழிக்காம வெச்சிருக்கான், பின்பக்கம் பால் கணக்கு எழுதறதுக்கு. இதை எழுதற இப்ப சாயந்திரம் அஞ்சரை. சமையல் தெர்மாமீட்டர் என் மேஜை மேலயே இருக்கு, 83 காட்டுது. போன வாரம் இதே நேரத்துக்கு 84. தம்பி கதவைத் தட்டி, "அண்ணா, ஒரு டிகிரி குறைக்கட்டுங்களா?"ன்னான். ஏழு மணி வரைக்கும் தாங்கும்டான்னேன். அவன் நம்பலை. உள்ள வந்து, தெர்மாமீட்டரை எடுத்து, ஜன்னல் பக்கம் வெச்சு, ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுத்தான் போனான்.

வர்ட்டா மக்களே. தண்ணி குடிக்கணும்.