விறகு எந்தப் பக்கம்?

எதிர்வீட்டுப் பையன் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் தீர்ந்துபோகும் சக்திகள்: நிலக்கரி, பெட்ரோல். வலப்பக்கம் தீராத சக்திகள்: வெயில், காற்று, நீர், விறகு. இடப்பக்கம் பாவாத்மாக்களும் வலப்பக்கம் புண்ணியாத்மாக்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல் இருந்தது!

வேற்றுமை பொய் என்று நான் சொல்லவில்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மண்ணுக்கடியில் உருவாகப் பல லட்சம் ஆண்டுகள் ஆயின. 1957-ல் சுரங்கம் வெட்ட ஆரம்பித்தோம். 1962-ல் அதை எரித்து மின்சாரம் எடுத்தோம். எரித்ததில் ஒரு கூடை கூடத் திரும்பி வராது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று அப்படியல்ல. சென்ற ஆடியில் அது ஆயிரம் காற்றாடிகளைச் சுற்றியது என்பதற்காக இந்த ஆடியில் குறைந்துவிடுவதில்லை.

என் வழக்கு விறகைப் பற்றியது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு விறகுதான் ஆகாரம். காடுகள் மெலிந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள், எஞ்சினுக்கு எரிக்கவென்றே கடலோர மணலில் சவுக்கு நட வேண்டியதாயிற்று. தீராத பொருள் என்றால் ஏன் ஐயா நட்டார்கள்?

மரம் வளர்கிற வேகத்துக்குள் வெட்டினால் விறகு வலப்பக்கம். அதை மிஞ்சி வெட்டினால் அதே விறகு இடப்பக்கம். கோடு பொருளில் இல்லை. வெட்டுகிறவன் கையில் இருக்கிறது.

நீரின் கதையும் இதுவே. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் தண்ணீரோடு வண்டலும் வந்து தங்குகிறது. வண்டல் பிடித்த இடத்தில் தண்ணீர் நிற்குமா? மேலே மலைக்காட்டை மொட்டையடித்துவிட்டுக் கீழே அணையைத் தீராத சக்தி என்று கொண்டாடுவது, பசுவைப் பட்டினி போட்டுவிட்டுப் பால் செம்பைப் பூஜை செய்கிற கதைதான்.

"இருக்கவே இருக்கிறது சூரியன், இனிச் சிக்கனம் எதற்கு?" என்று கேட்கிற கனவான்கள் இன்று பெருகிவிட்டார்கள். சூரியன் தீராது, வாஸ்தவம். ஆனால் வெயிலைப் பிடிக்கும் பலகைக்குக் கண்ணாடி வேண்டும், செம்பு வேண்டும், அதை நிறுத்தி வைக்க நிலம் வேண்டும். இவையெல்லாம் எந்தப் பக்கம்? போதாக்குறைக்கு, நாம் விளக்கேற்றும் வேளையில்தான் சூரியன் விடைபெற்றுக்கொள்கிறான்!

தீராதது என்ற சொல் வரவைக் குறிக்கிறது. நம்மவர்களோ அதைச் செலவுக்குக் கொடுத்த அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். மாதாமாதம் சம்பளம் வருகிறவன் கடனாளி ஆனதே இல்லையா?

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, பரீட்சையில் விறகை எந்தப் பக்கம் எழுதுவது?" என்றான்.

"வலப்பக்கமே எழுது. மார்க் வேண்டுமல்லவா?" என்றேன். "ஆனால் உன் காலத்திலும் அது அங்கேயே இருக்குமா என்பதை உன் அப்பாவிடம் கேள்."