பித்தர் என்று ஏசுவதா? பொறுப்புக் கேட்பதா?



திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, நெடுஞ்சாலையை விட்டு மயிலத்திற்குத் திரும்பும் முனையே எங்கள் கூட்டேரிப்பட்டு. அங்கே அண்மையில் ஒரு கட்சியின் கூட்டம் நடந்தது. மேடையேறிய பேச்சாளர் ஒருவர் மாற்றுக் கட்சித் தலைவரைச் சுட்டி, "அவர் ஒரு பைத்தியம்! அவரை அனுப்ப வேண்டிய இடம் கோட்டையில்லை, கீழ்ப்பாக்கம்!" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. என்னருகில் நின்ற மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தமையன் உளநோயுற்று, பல்லாண்டு மருந்துண்டு, இன்று கழனி வேலை செய்து குடும்பத்தைக் காப்பவன். "ஐயா, எங்கள் அண்ணனையும் ஊரில் இப்படித்தான் சொல்கிறார்கள்" என்றான் அச்சிறுவன். அவன் சொல் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

நாட்டை ஆளுவோனின் உளம் ஆளத் தக்கதுதானா என்று கேட்பது குற்றமன்று, கேளாதிருப்பதே குற்றம். இச்சாலையில் பேருந்து ஓட்டுபவர் மருத்துவச் சான்று காட்டியே உரிமம் பெறுகிறார். நாற்பது பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வந்த நானும் உடற்றகுதிச் சான்று கொடுத்தே பணியேற்றேன். ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களின் வாழ்வைக் கையில் ஏந்துபவரிடம் மட்டும் எச்சான்றும் கேட்பாரில்லை! எனவே, கேள்வி நேரியதே. ஆனால், அதனை ஏச்சாக்குவது மூவகையில் தீது.

முதலாவது, அது நோயுற்றாரை இழிவு செய்கிறது. உளநோய் உடல்நோய் போன்றதொரு நோய். மருந்துக்குக் கட்டுப்படுவது, மானக்கேடன்று. நோயுற்று நலம் பெற்றவன் ஆளவும் தகுவான். நோயே இல்லாத கொடியவன் எந்நாளும் ஆளத் தகான்.

இரண்டாவது, அது கொடுங்கோலரைத் தப்பவிடுகிறது. 1975 சூன் 12-இல் அலகாபாத்து உயர் முறைமன்றம் தம் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்ததும், அதே சூன் 25-இல் நாட்டின்மீது நெருக்கடி நிலையை ஏவினார் இந்திரா காந்தி. எதிர்க்கட்சியினரைச் சிறையிலிட்டார், இதழ்களின் வாயைக் கட்டினார், 1976 சனவரி 31-இல் தமிழ்நாட்டு அரசையும் கலைத்தார். இவையெல்லாம் பித்தேறிச் செய்தவையா? அல்ல, அல்ல! தெளிந்த அறிவோடு, நாள் குறித்து, ஏடெழுதிக் கையொப்பமிட்டுச் செய்தவை. பித்தன் செயலுக்குப் பொறுப்பேது? கொடுமை செய்தவரைப் பித்தரென்பது அவருக்கு நாமே எழுதிக் கொடுக்கும் விடுதலை முறி!

மூன்றாவது, தொலைவில் நின்று பிறர் உளத்தை அளக்க எவராலும் இயலாது. 1964-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற கோல்டுவாட்டர் என்பாரின் உளநிலை குறித்து, ஓர் இதழ் 12,356 உளநோய் மருத்துவரிடம் கருத்துக் கேட்டது. அவரை ஒருநாளும் ஆய்ந்தறியாத மருத்துவர் 1,189 பேர் 'தகுதியற்றவர்' என்று எழுதினர். அவர் வழக்காடி வென்றார். நேரில் ஆயாமல் எவர் உளநிலை பற்றியும் மருத்துவர் தீர்ப்புரைத்தல் தகாது என்று அந்நாட்டு உளநோய் மருத்துவர் கழகம் 1973-இல் நெறி வகுத்தது. கற்ற மருத்துவர்க்கே இவ்வரம்பு என்றால், மேடைப் பேச்சாளர் எம்மாத்திரம்?

நம் மண்ணிலேயே இதற்கொரு பாடம் உண்டு. எங்கள் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகப் பெரியபுராணம் கூறும் கதையை யாவரும் அறிவர். அதனை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. தம்மை அடிமையென்று வழக்குரைத்த முதியவரைப் பித்தரென்று இகழ்ந்தார் சுந்தரர். அவர் காட்டிய ஓலையையும் பறித்துக் கிழித்தார். ஆனால் ஊரவை என் செய்தது? ஏச்சை ஒதுக்கியது, மூல ஓலையைக் கேட்டது, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டது, பின்னரே தீர்ப்புரைத்தது. அவைக்கு அழகு சான்று கேட்டல்.

அச்சான்றைத்தான் தமிழ்நாடு இருமுறை கேட்கத் தவறியது. 1984 அக்டோபரில் முதலமைச்சர் ம.கோ. இராமச்சந்திரன் நோயில் வீழ்ந்தார், சிறுநீரகம் பழுதுற்றது, மூளையும் தாக்குற்றது. அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தவாறே திசம்பர்த் தேர்தலில் ஆண்டிப்பட்டியில் வென்றார். அவர் உணவருந்தும் காட்சியைத் திரையிட்டு வாக்குக் கேட்டனர். 1985 பிப்ரவரியில் திரும்பி, 1987 திசம்பர் 24-இல் மறையும்வரை, பேச்சு முன்போல் திரும்பாத நிலையிலேயே ஆண்டார். நாத் தளர்ந்தது அறிவு தளர்ந்ததற்குச் சான்றாகாது. அவரை இகழ்வது என் நோக்கமுமன்று. என் கேள்வி வேறு: அவர் ஆள வல்லவரா என்பதைச் சட்டமன்றத்தின்முன் மெய்ப்பித்துக் காட்டும் முறை எங்கே இருந்தது? மண்சோறு தின்று வேண்டிக்கொண்ட மக்களுக்குத் திரைப்படக் காட்சிதானா விடை?

2016 செப்டம்பர் 22-இல் முதலமைச்சர் செயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 75 நாள் கழித்து, திசம்பர் 5-இல் மறைந்தார். அந்நாள்களில் அவர் படமொன்றும் வெளிவரவில்லை. அக்டோபர் 11-இல் அவர் துறைகளைப் பன்னீர்செல்வத்திடம் ஒப்படைத்த ஆளுநர் வித்தியாசாகர் இராவ், அது முதலமைச்சரின் அறிவுரைப்படியே என்றார். திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல் வேட்பாளருக்கான படிவத்தில் கையொப்பம் இல்லை, கைந்நாட்டே இருந்தது. அதுபற்றிய வழக்கில் அவ்வெற்றி செல்லாதென்று 2019 மார்ச்சில் சென்னை உயர் முறைமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் அமைத்த ஆறுமுகசாமி ஆணையம் 2022-இல்தான் அறிக்கை தந்தது. வாழ்ந்தபோது கேட்க வேண்டியதை மறைந்தபின் ஐந்தாண்டு உசாவினோம்!

இக்கேடு நமக்கு மட்டும் உரியதன்று. 1919-இல் அமெரிக்கத் தலைவர் வில்சன் மூளை தாக்குற்று வீழ்ந்தபோது, மனைவியாரும் மருத்துவரும் அவர்தம் நிலையை மறைத்தனர். ஆயினும், அந்நாடு 1967-இல் தன் அரசமைப்பைத் திருத்தியது. தலைவர் கடமையாற்ற இயலாதவர் என்பதை எவர் அறிவிப்பது, அவர் மறுத்தால் எவர் முடிவு செய்வது என்பதையெல்லாம் எழுதி வைத்தது. நம் அரசமைப்பிலோ, 191-ஆம் உறுப்பின்படி, உளம் திரிந்தவரென்று முறைமன்றம் அறிவித்தால் சட்டமன்ற உறுப்புரிமை போகும், அவ்வளவே. கடமையாற்ற இயலாத முதலமைச்சரைப் பற்றிப் பேச்சே இல்லை. அவ்வெற்றிடத்தில் நுழைபவர் யார்? மக்கள் தேர்ந்தெடுக்காத அணுக்கரும், தில்லி அமர்த்திய ஆளுநருமே! ஆட்டுக்கு நோயென்று ஓநாயிடம் மருந்து கேட்பதா?

ஆகவே நாம் வேண்டுவன இவை: முதலமைச்சர் பல நாள் கடமையாற்ற இயலாதுபோயின், அவரை நேரில் ஆய்ந்த மருத்துவக் குழுவின் அறிக்கை சட்டமன்றத்தின்முன் வைக்கப்பெறல் வேண்டும். பொறுப்பேற்பவரைச் சட்டமன்றமே தேர்தல் வேண்டும். ஆளுநர் மாளிகை அன்று. நலம் பெற்றவர் மீண்டும் அவ்விருக்கைக்கு வர வழி இருத்தல் வேண்டும்.

நோயில்லாத் தலைவரை எதனால் அளப்பது? அதற்கு வள்ளுவர் முன்னரே அளவுகோல் தந்துவிட்டார். 'பெரியாரைத் துணைக்கோடல்' என்றார். இடித்துரைப்பாரை அருகில் வைத்திருக்கிறாரா? 'குற்றங்கடிதல்' என்றார், தம் பிழையை ஒப்புகிறாரா? 'வெருவந்த செய்யாமை' என்றார். அமைச்சரும் அலுவலரும் அவரிடம் உண்மை பேச அஞ்சுகின்றனரா? அறிவுடைநம்பிக்கு வரி கொள்ளும் முறையை எடுத்துரைத்த பிசிராந்தையார் அம்மன்னனைப் பித்தனென்று இகழவில்லை. அவன் செயலின் விளைவைக் காட்டினார். அதுவே தமிழ்ப் புலவன் வழி.

அன்பர்களே! அடுத்தமுறை மேடையில் எவரேனும் 'பைத்தியம்' என்று ஏசினால் கைதட்டாதீர்கள். "அவர் செய்தது என்ன? சான்று எங்கே?" என்று எழுந்து கேளுங்கள். கூட்டத்தில் தலைகுனிந்து நிற்கும் ஒரு சிறுவன் அன்று நிமிர்வான். கோட்டையில் தலைநிமிர்ந்து திரியும் கொடியவன் குனிவான்!