அறைவாசி மாறும்போது முற்பணம் யாருடையது?

பொரளைச் சந்தியைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் அறை தேடி அலையாத மாணவர் தலைமுறை நம்மவரிடையே உண்டோ? வைத்திய பீடமும் பெரியாஸ்பத்திரியும் நடைதூரத்தில் இருப்பதால், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் இருந்து வரும் பிள்ளைகள் மூவராய்ச் சேர்ந்து ஓர் அனெக்ஸை வாடகைக்கு எடுப்பது இன்றும் வழக்கம். வீட்டுக்காரர் கேட்கும் முற்பணத்துக்காக ஊரிலே ஒரு தாயின் காப்பு அடகுக்குப் போயிருக்கவும் கூடும். ஆகவே இது சில்லறை விஷயமன்று.

மாத வாடகை 36,000 ரூபாய். மூன்று மாத முற்பணம் 1,08,000 ரூபாய். ஒருவர் பங்கு 36,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் மாதத்தில் ஒருவருக்குப் பதுளையில் வேலை கிடைக்கிறது. வேறொருவரைச் சேர்த்துவிட்டு, அவரிடமே தம் பங்கை வாங்கிக்கொண்டு புகைவண்டி ஏறிவிடுகிறார். வீட்டுக்காரருக்கோ செய்தியே தெரியாது. வருட முடிவில் அவர் பற்றுச்சீட்டைப் பார்க்கிறார். அதில் பதுளைக்காரர் பெயரே இருக்கிறது. தமக்கு அறிவிக்கப்படாத கைமாற்றத்துக்கு அவர் பொறுப்பாளியல்லர். பணத்தைப் பழையவரிடமே கொடுத்துவிட்டால், புதியவர் யாரிடம் போய் முறையிடுவது?

எனவே, போகிறவருக்கு அவர் பங்கை வீட்டுக்காரரே திருப்பிக் கொடுத்து, வருபவரிடம் புதிதாக வாங்கிக்கொள்வதே சிறந்த வழி. ஆனால் முற்பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர் அரியவர். அவர் இணங்காவிடின் பணம் அறைவாசிகளுக்குள்ளேயே கைமாறட்டும். ஆனால் பெயர் மாறியதை ஒரு தாளில் எழுதி, நால்வரோடு வீட்டுக்காரரும் ஒப்பமிட வேண்டும்.

அடுத்தது சேதக் கணக்கு. மாறுகின்ற நாளிலேயே எல்லாரும் கூடி வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கை கழுவும் தொட்டியில் வெடிப்பு, ஜன்னற் கண்ணாடியில் கீறல், சுவரில் எண்ணெய்க் கறை. திருத்த 12,000 ரூபாய் பிடிக்கும் என மதிப்பிட்டால், ஒருவர் பங்கு 4,000. வருபவர் 36,000 கொடுக்கலாகாது. 32,000 கொடுத்தாற் போதும். பின்னர் வீட்டுக்காரர் அந்த 12,000 ரூபாயைக் கழித்தால் எஞ்சுவது 96,000; மூவருக்கும் தலைக்கு 32,000. புதியவர் கொடுத்தது குறையாமல் அவர் கைக்கு வருகிறது. இன்னார் உடைத்தார் என்பது தெரிந்திருந்தாலோ, முழுச் செலவும் அவருடையதே. சிநேகிதத்தை முன்னிட்டு இதைப் பேசாமல் விடுபவரே அதிகம். பின்னர் அந்தச் சிநேகிதமே முறிந்து போகிறது!

“என் கடைசி மாத வாடகையை முற்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போவோரும் உளர். பொதுப் பணத்தில் பள்ளம் தோண்டும் இந்த ஏற்பாட்டுக்கு மற்றவர்கள் இணங்கலாகாது.

சட்டம் துணைக்கு வராதா என்று கேட்பீர்கள். மோசடிகளைத் தடுக்க 1840-ஆம் ஆண்டிற் பிறந்த 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். மாணவர் எழுதும் ஒற்றைத்தாள் ஒப்பந்தம் பெரும்பாலும் அவ்விதமானதன்று. அது மாத வாடகைக் குடியிருப்பாகவே கொள்ளப்படும். ஆயினும் பணம் கைமாறியதற்கு அத்தாள் நல்ல சான்று. வாய்ப்பேச்சு உடன்பாட்டின் பேரில் வழக்கிட 3 வருடமும், எழுத்தின் பேரில் 6 வருடமும் தவணை தருகிறது 1871-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். வழக்குக்கு முன் மத்தியஸ்த சபையை நாடலாம். செலவும் அலைச்சலும் குறைவு. இங்கிலாந்தில் 2007-ஆம் ஆண்டு முதல் இத்தகைய முற்பணத்தை வீட்டுக்காரர் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றில் சேர்த்தாக வேண்டும். லண்டனில் படிக்கும் நம் பிள்ளைகள் அதை அறிவர். இங்கே ஒப்பமிட்ட தாள்தான் காவல்.

மின்சாரப் பட்டியலோ, ஒருவர் போன பின்னரே வந்து சேரும். மாறும் நாளில் மீற்றர் இலக்கத்தைக் குறித்து, போகிறவர் பங்கை அன்றே மதிப்பிட்டு வாங்கிவிடுங்கள். பதுளையில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து 1,200 ரூபாய் கேட்பது எவருக்கும் இன்பமான வேலையன்று.